தப்பாளி என்ற சொல்லுக்குப் பொருள்

அந்தப் பெண்ணுக்கு அப்போது நாலு வயது. சமையலறைத் தரையில், நசுங்கிய தக்காளிகளுக்கு நடுவே, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். கன்னமெல்லாம் கண்ணீர், மூக்கெல்லாம் சளி, கவுனெல்லாம் சிவப்புக் கறை. கேமராவைப் பார்த்து, விக்கி விக்கி அழுதபடி, "நான் தப்பாளி இல்ல" என்கிறாள். வீடியோ அதோடு முடிந்துவிடும். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. குழந்தைக்குத் தக்காளி என்று சொல்ல வரவில்லையாம். தக்காளிச் சாற்றில் ஊறிப்போய் உட்கார்ந்துகொண்டு, தான் தக்காளி இல்லை என்று சத்தியம் செய்கிறாளாம். என்ன ஒரு அழகு, என்ன ஒரு மழலை.

அழுகிற குழந்தையைப் பார்த்தால், ஏன் அழுகிறாய் என்று கேட்பதுதான் மனுஷத்தன்மை. லட்சக்கணக்கில் பார்த்தார்களே, அவர்களில் ஒருவருக்காவது அப்படிக் கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை. தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அனுப்பினார்கள். அந்த அழுத முகத்தை வெட்டி எடுத்து ஸ்டிக்கர் ஆக்கினார்கள். ஆபீசுக்குத் தாமதமாக வருகிறவன் அந்த ஸ்டிக்கரைப் போட்டான், கிரிக்கெட்டில் தோற்ற அணிக்கு அதைப் போட்டார்கள், வாங்கிய கடனைத் திருப்பித் தராதவன்கூட அதைப் போட்டுத் தப்பித்தான். குழந்தைக்குத் தப்பாளி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கே அவளை அந்தப் பெயரால் கூப்பிடுவதாக இல்லை. மகள் என்று சொன்னால் போதும்.

அந்த வீடியோவை எடுத்தவன் அவளுடைய மாமா, அம்மாவின் தம்பி. எந்த வேலையிலும் மூன்று மாதம் தாண்டாதவன். அந்த வீடியோ ஓடிய ஓட்டத்தைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அக்காவின் பெயரில் ஒரு பேஜ் ஆரம்பித்தான். 'எங்க வீட்டுத் தப்பாளி' என்று பெயர் வைத்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் எது நடந்தாலும் அவன் போன் முன்னால் நிற்கும், மனிதர்கள் பின்னால் நிற்பார்கள்.

அம்மாவையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். அவள் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற கவுன்ட்டரில் வேலை செய்கிறாள். காலையிலிருந்து நின்றுகொண்டே சோப்பையும் பிஸ்கட்டையும் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டி எடுத்து நகர்த்துகிற வேலை. வருகிறவர்கள் போனில் பேசிக்கொண்டே கார்டை நீட்டுவார்கள், அவள் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். அந்த வீடியோ வந்த பிறகு ஒரு நாள் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, நீங்கள் தப்பாளி அம்மாதானே என்று கேட்டாள். பக்கத்துக் கவுன்ட்டர் வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அன்று வீட்டுக்கு வந்தவள் தரையில் கால் பாவாமல் நடந்தாள். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் தலை நிமிர்ந்தது யாருடைய அழுகையின் மேல் ஏறி நின்று என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம்.

பிறகு நடந்தது எல்லாம் பேஜில் இருக்கிறது. மகளுக்கு முன்பல் விழுந்தது, சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்தது, கணக்கில் பெயிலாகி அழுதது, காய்ச்சலில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தது. பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் தக்காளி வடிவத்தில் கேக். எப்போதும் சிவப்பு உடை. பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய மேடையில் ஆசிரியரே மைக்கைப் பிடித்து, எங்கே, அந்த வார்த்தையை ஒரு தரம் சொல்லு பார்க்கலாம் என்றார். அவள் சொன்னாள். அன்று என்ன தலைப்பில் பேசினாள் என்பது யாருக்கும் நினைவில்லை.

பத்து வயதுக்குள் அவள் தேர்ந்துவிட்டாள். போன் உயர்ந்ததும் முகத்தில் சிரிப்பு வந்துவிடும், இறங்கியதும் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினால் கன்னம் குண்டாகத் தெரியும் என்பது அத்துப்படி. பதின்மூன்று வயதில், போதும் என்று முதல் தடவையாகச் சொன்னாள். மாமா சிரித்தான். உன்னால்தானே நமக்கு நாலு பேரிடம் பேர் என்றான். அம்மா முகம் தொங்கிப் போயிற்று. பெற்றவளுடைய சந்தோஷத்தைக் கெடுக்கிறோமோ என்று அந்தப் பெண்தான் கடைசியில் இறங்கி வந்தாள். பிள்ளைகளிடம் வேலை வாங்க இதைவிட மலிவான வழி இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் தலையை விட்டபடி நாளைக் கழித்துவிட்டு, கிரீஸ் கையோடு வீட்டுக்கு வருவார். மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது, செருப்பை ஜோடியாக வைத்தாலும் சிந்தாமல் பால் குடித்தாலும் அறிவாளி என்று கூப்பிடுவார். வீடியோவுக்குப் பிறகு அவர் வாயிலும் அந்த இன்னொரு பெயர்தான் வந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. ஊர் கூப்பிடுகிற பெயர் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

பதினாறு வயதில், பதினொன்றாம் வகுப்புக்கு அவள் வேறு பள்ளிக்கூடம் கேட்டாள். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரம். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு லேப் நன்றாக இருக்கிறது என்றாள். லேப் ஒன்றுமில்லை. அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது, அதுதான் காரணம். சேர்வதற்கு முன்னால் அம்மாவை உட்காரவைத்து, இனிமேல் என் முகம் பேஜில் வரக்கூடாது என்று வாக்கு கேட்டு வாங்கிக்கொண்டாள். அம்மா அரை மனதோடு சம்மதித்தாள். அம்மா சம்மதித்ததை மாமா கேலி செய்தான். ஆனாலும் போடவில்லை.

கன்னத்துக் குண்டு இறங்கி, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படி ஒரு சுகத்தை அவள் அதுவரை அறிந்ததே இல்லை. வருகைப்பதிவில் இருந்த பெயரால் ஆசிரியர் கூப்பிட்டபோது அது தன்னைத்தான் என்று புரிய அவளுக்கு ஒரு நொடி ஆனது.

அந்தச் சுகத்தில்தான் தனக்கென்று ஒரு பேஜ் ஆரம்பித்தாள். முகம் கிடையாது, பெயர் கிடையாது. படிக்கட்டு, கம்பிக் கைப்பிடி, மூடியே கிடக்கும் லிஃப்ட் கதவு, இவைதான் படம். பின்னணியில் அவள் குரல், செய்தி வாசிக்கிறவர்களின் இறுக்கமான தொனியில். "மூன்றாவது மாடிச் செய்திகள். வாசிப்பது பெயர் சொல்ல விரும்பாத ஒருவர். இரண்டாவது மாடிப் படியில் கிடக்கும் ஒற்றைச் சாக்ஸுக்கு இன்றுவரை யாரும் உரிமை கோரவில்லை. லிஃப்ட் பழுதுபார்ப்பவர் குடியிருக்கும் இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. இது குறித்து விளக்கம் கேட்டபோது, சம்பந்தப்பட்டவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்."

மெல்ல மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். அவள் வகுப்பிலேயே பாதிப் பேர் பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து பெஞ்சுக்காரி அதே தொனியில், கணக்கு வாத்தியாரின் பேனா காணாமல் போனது குறித்து விசாரணை நடக்கிறது என்று சொல்லிக் காட்டுவாள். எழுதுகிறவள் தன் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பன்னிரண்டு வருஷமாக ஊர் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. அவள் யோசித்து, அவள் எழுதி, அவள் சொன்னதற்காகச் சிரித்தது இப்போதுதான். இந்த வித்தியாசம் புரியாதவர்களிடம் போனைக் கொடுத்ததுதான் தப்பு.

கெட்டது அம்மாவின் பெருமையால்தான்.

சூப்பர் மார்க்கெட்டில் தேநீர் இடைவேளையில், சரக்கு அடுக்குகிற பெண் எதையோ பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று அம்மா எட்டிப் பார்த்தாள். தன் வீட்டு லிஃப்ட் கதவு. தன் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கதை. தன் மகளுடைய குரல். பெற்ற வயிறு குளிர்ந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. அந்தக் குளிர்ச்சியோடு வீட்டுக்கு வந்து, மகளைக் கட்டிப்பிடித்து ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் கதை வேறு. அவளுக்குத் தெரிந்த கட்டிப்பிடித்தல் ஒன்றுதான். அங்கேயே, பெட்டிகளுக்கு நடுவே நின்றபடியே, தன் பேஜில் அதைப் பகிர்ந்தாள். 'இந்தக் குரல் யாருன்னு தெரியுதா? நம்ம தப்பாளிதான்! வளர்ந்துட்டா, ஆனா குறும்பு போகல' என்று எழுதினாள். வாக்கு கொடுத்தது முகத்துக்குத்தான், குரலுக்கு இல்லையே என்று தன்னைச் சமாதானமும் செய்துகொண்டாள். பார்க்கிறவர்களுக்கு நினைவு வரட்டும் என்று அந்தப் பழைய வீடியோவைப் பக்கத்திலேயே ஒட்டிவைத்தாள்.

மகள் அப்போது வேதியியல் லேபில் இருந்தாள். முதலில் ஒரு பெஞ்சில் கிசுகிசுப்பு. பிறகு இன்னொன்றில். பிறகு எல்லோருடைய தலையும் அவள் பக்கம் திரும்பியது. பக்கத்து பெஞ்சுக்காரி கண் கலங்கச் சிரித்துக்கொண்டே ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து, "நீதானா அது? அய்யோ, நான் சின்ன வயசுல உன்னைப் பாத்து எவ்ளோ சிரிச்சிருக்கேன் தெரியுமா?" என்றாள். அதில் கேலியே இல்லை, முழுக்க முழுக்கப் பாசம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். பாசத்தை என்ன செய்வது? மகள் சிரித்தாள். அந்தப் பழைய சிரிப்பு, கன்னம் குண்டாகத் தெரிகிற கோணத்தில், தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாவது மாடிச் செய்திகளுக்குக் கீழே தக்காளிப் படங்களாகக் கொட்டிக் கிடந்தன. சாக்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. லிஃப்டைப் பற்றியும் பேசவில்லை. தப்பாளி சொல்லு, ஒரு தடவை சொல்லு, ப்ளீஸ் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை முழுவதும் படித்து முடித்தாள். பிறகு பேஜை அழித்தாள். அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். அப்பா மேஜையோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா இன்னும் கடை யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. முகமெல்லாம் வெளிச்சம். இத்தனை திறமையை ஒளித்துவைத்திருந்தாயே கள்ளி என்று ஆரம்பித்தாள். மாமா குறுக்கே புகுந்து, ரெண்டு பேஜையும் ஒன்றாக்கிவிடலாம், சிவப்புக் கவுனில் செய்தி வாசிக்கலாம், முடிவில் அந்த வார்த்தை என்று கையை ஆட்டித் திட்டம் போட்டான்.

மகள் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அந்த வீடியோவை எடுத்துவிடு என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா ஒரு கணம் புரியாமல் பார்த்துவிட்டு, எடுத்தால் மட்டும் என்ன, ஊர் பூராவும்தான் இருக்கிறதே என்றாள். ஒரு மழலைக்குப் போய் இவ்வளவு கோபமா, எல்லாக் குழந்தையும்தான் அப்படிப் பேசும் என்றாள்.

"அது மழலை இல்லம்மா" என்றாள் மகள். "நான் தக்காளின்னு நல்லாத்தான் சொல்லுவேன். நோயாளின்னா யாரு?"

நோய் இருக்கிறவங்க என்று அம்மா முனகினாள்.

"குற்றவாளின்னா?"

"என்னடி, பரீட்சை வைக்கிறியா?"

"நல்லது பண்ணா அப்பா என்னை அறிவாளின்னு சொல்லுவாரு. அப்போ தப்பு பண்ணவங்களை என்னன்னு சொல்றது? எனக்கு நாலு வயசு. எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஒரு வார்த்தை பண்ணேன்." அவள் மாமா பக்கம் திரும்பினாள். "நான் சொன்னது ரெண்டு வாக்கியம். நான் தப்பாளி இல்ல. மாமாதான் தப்பாளி. ரெண்டாவதை ஏன் வெட்டுனீங்க?"

டீக் கோப்பையை அப்பா மேஜையில் வைத்தார். அது சாஸரில் சரியாக உட்காராமல் சாய்ந்து, கொஞ்சம் சிந்தியது. அவர் துடைக்கவில்லை. மாமா சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதியில் நின்றது. வீடியோ சின்னதாக இருந்தால்தான் ஓடும், அதனால்தான் வெட்டினேன் என்றான். பின்னால் நகர்ந்து வேறெதையோ படம் பிடிக்கும்போது கால் கூடையில் பட்டிருக்கலாம், யார் கண்டது, இவ்வளவு காலம் கழித்து ஒரு தக்காளிக் கூடைக்கு விசாரணைக் கமிஷனா என்றான்.

கூடைக்கு இல்லை. அந்தக் கூடைக்காக ஒரு குழந்தை அம்மாவிடம் முதுகில் பளீரென்று அடி வாங்கியது. தான் செய்யவில்லை என்று தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் முறையிட்டது. அடித்தவளும் அதைக் கேட்டாள், தப்பு செய்தவனும் கேட்டான். அவன் அந்த முறையீட்டையே படம் பிடித்து, தன் பெயர் வருகிற இடத்தைக் கத்தரித்துவிட்டு உலகத்துக்கு விற்றான். உலகமும் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டது. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெண்ணைப் பார்க்கிறவர்களெல்லாம், நீ தப்பு செய்தவள் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிக் கொஞ்சியிருக்கிறார்கள்.

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு இது தெரியாது இல்லையா என்று கேட்கிற பார்வை. தெரியாது என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் அவள் அங்கேயே எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள். அதற்காகத்தான் அவ்வளவு நேரமும் நின்றாள்.

அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு சாயங்காலமே தெரியும்" என்றாள். "இவன் பேன்ட்டைத் துவைக்கப் போட்டேன். கால் மடிப்பு பூரா விதை."

"அப்புறம் ஏன்மா சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள எல்லாரும் பாத்து சிரிக்க ஆரம்பிச்சிட்டாங்க. எங்க முதலாளி அம்மாவே போன் பண்ணிச் சிரிச்சாங்க. அவ்ளோ சந்தோஷமா இருந்தாங்க எல்லாரும்."

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்களாம். அடிபட்ட குழந்தையைத் தவிர எல்லோரும். இந்த ஒரு பதிலைக் கேட்பதற்கு அந்தப் பெண் எதையுமே கேட்காமல் இருந்திருக்கலாம்.

அம்மா அழ ஆரம்பித்தாள். பொய் அழுகை இல்லை, உள்ளிருந்து பொங்கி வந்தது. அழுதபடியே போனை எடுத்து அந்தப் பழைய வீடியோவை அழித்தாள். பிறகு பேஜையே தூக்கிவிடுகிறேன் என்றாள். பிறகு, பாவி மனசு, அது போய் நின்ற இடத்தைப் பாருங்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எல்லாருக்கும் உண்மை தெரியவேண்டும், கடைசியாக ஒரே ஒரு மன்னிப்பு வீடியோ மட்டும் போட்டுவிட்டு மூடிவிடலாம் என்றாள். மாமாவுக்கு உடனே உயிர் வந்தது. இந்த அழுகையோடவே எடுத்துடலாம், பயங்கரமா ஓடும் என்று எழுந்து, மூலையில் நின்ற, வீடியோ எடுக்கிற வட்ட விளக்கின் சுவிட்சைப் போட்டான். வெள்ளை வெளிச்சம் அம்மாவின் ஈர முகத்தில் விழுந்தது.

அப்பா எழுந்தார். போய் விளக்கின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். வீட்டில் அவர் முதல்முறையாகச் செய்த பழுதுபார்ப்பு அதுதான். மைத்துனனின் செருப்பை வாசலில் எடுத்து ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். மாமா அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. படியிறங்கிப் போனான்.

மகள் அம்மாவின் கையிலிருந்த போனை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அவள் குரலில் கோபம் அடங்கவில்லை, அடங்கவும் தேவையில்லை.

"ஊருக்குச் சொல்ல வேணாம். என்கிட்ட சொல்லு."

அம்மா வாயைத் திறந்தாள். எங்கே பார்ப்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கண் மேஜைக்குப் போயிற்று, சுவருக்குப் போயிற்று, கடைசியில் தட்டுத்தடுமாறி மகளுடைய முகத்துக்கு வந்து சேர்ந்தது. கை மட்டும் தானாக எழுந்து, நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிச் சரிசெய்தது.

"முடி நல்லாத்தான்மா இருக்கு" என்றாள் மகள். "சொல்லு."

அம்மா சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள். அந்த வீட்டுக்குள் நடந்ததை நாம் பார்த்தது போதும்.